முப்பத்தைந்தரை

கல்லூரியின் இரண்டாவது மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்துக்கு நேர் எதிரே எடை அறை இருந்தது. அந்த அறைக்குள் யாரும் வேகமாக நடக்கக் கூடாது. கதவைச் சாத்தினால் சத்தம் கேட்கக் கூடாது. சிரிப்பு வந்தால் வெளியே போய்ச் சிரித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இத்தனை கெடுபிடியும் ஒரே ஒரு தராசுக்காக. சுவரோடு பதித்த கருங்கல் பலகைமேல், கண்ணாடிப் பெட்டிக்குள் அது உட்கார்ந்திருந்தது. ஒரு தலைமுடியைத் தட்டில் வைத்தால்கூட அதன் முள் நகரும். அதைப் பார்த்துக்கொண்ட பெண்ணை எல்லோரும் தராசம்மா என்று கூப்பிட்டார்கள். அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு. அம்மா போட்டுக் கூப்பிடுகிற வயதில்லைதான். ஆனால் கதவை அடித்துச் சாத்தியவனை அவள் பார்க்கிற பார்வைக்கு அந்த மரியாதை தானாக வந்துவிடும்.

அவள் அங்கே வந்தது பாட்டில் கழுவ. கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பட்டறை. அங்கே குழாய்களை ஊதி, வளைத்து, குடுவை செய்கிறவர் அவள் கணவர். அவர் சொல்லித்தான் வேலை கிடைத்தது. மூன்று வருடம் ஒரு கெட்ட பெயர் இல்லாமல் கழுவினாள். ஒருநாள் கழுவிய குடுவைகளை மேலே கொண்டுபோய் அடுக்கிக்கொண்டிருந்தபோது, எடை போடும் உதவியாளன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அடுப்பிலிருந்து எடுத்த குடுவை காலையில் ஒரு எடை காட்டியது, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கூடியிருந்தது. உள்ளே ஒன்றும் போடவில்லை.

"காலைல சூடா இருந்துச்சு. இப்ப ஆறிடுச்சு. ஆறினா கனம் கூடுது, அவ்வளவுதான்," என்றாள், கையில் இருந்த துணியைப் பிழிந்தபடியே.

உதவியாளன் விழுந்து விழுந்து சிரித்தான். வாசலில் நின்றிருந்த பேராசிரியர் சிரிக்கவில்லை. அதே குடுவையைச் சூடாக்கி, ஆறவிட்டு, நான்கு முறை எடை போடச் சொன்னார். நான்கு முறையும் அவள் சொன்னபடியே வந்தது. சூடான குடுவையைச் சுற்றி எழும் காற்று தட்டை லேசாகத் தூக்கிவிடுகிறது என்று அப்புறம் அவரே விளக்கினார். மறுநாள் அவள் கையிலிருந்த துணியை வாங்கி வைத்துவிட்டு, எடைக்கற்களை எடுக்கிற இடுக்கியைக் கொடுத்தார்.

"கல்யாணமான நாள்லேருந்து இவளுக்கு உப்பு அளவாப் போடத் தெரியல. இவ கையிலயா தராசைக் குடுத்திருக்காங்க?" என்றார் மாமியார். உப்பு விஷயத்தில் மாமியார் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

பேராசிரியர் நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமாக இருக்காது. தராசம்மாவின் குழந்தைக்கு ஜுரம் வந்தபோது தன் வீட்டு டாக்டரை அனுப்பிவைத்தவர். பாட்டில் கழுவ வந்தவளிடம் உட்கார்ந்து பாடம் சொன்னவர். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம்தான் உண்டு, அது முழு எண் பைத்தியம்.

அந்தக் காலத்தில் அணுவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருக்கிறதா என்றே பாதிப் பேருக்குச் சந்தேகம். இருக்கிறது என்றவர்களும் அதைப் பிடித்து நிறுத்த முடியாமல், ஒன்றோடொன்று சேர்கிற பொருள்களின் எடையை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். எல்லாவற்றிலும் லேசானது ஹைட்ரஜன். அதை ஒன்று என்று வைத்துக்கொண்டால் கார்பன் பன்னிரண்டு, நைட்ரஜன் பதினான்கு, ஆக்ஸிஜன் பதினாறு. பெரும்பாலும் முழு எண்ணாக, அல்லது அதற்கு ஒட்டி வந்தது. பேராசிரியருக்கு இதில் ஒரு பெரிய உண்மை தெரிந்தது. 

"எல்லா அணுவும் ஒரே செங்கல்ல கட்டினதும்மா. பன்னெண்டு செங்கல் வச்சா கார்பன். பதினாறு வச்சா ஆக்ஸிஜன். அதான் எல்லாம் முழுசா வருது," என்பார், மேசைமேல் தட்டித் தட்டி. 

"மேசையைத் தட்டாதீங்க ஐயா. முள் ஆடுது," என்பாள் அவள்.

செங்கல் கணக்குக்கு ஒரே ஒரு முட்டுக்கட்டை, குளோரின். ஊருலகத்தில் யார் எடை போட்டாலும் அது முப்பத்தைந்தரைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. அரைச் செங்கல்லை எங்கே போய் வைப்பது? எல்லோரும் கழுவுகிறபோது பொருளைக் கோட்டைவிடுகிறார்கள், அதனால்தான் எடை குறைகிறது, கவனமாகச் செய்தால் முப்பத்தாறு வரும் என்பது பேராசிரியரின் கட்சி. அதை நிரூபித்து, அறிஞர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் படிப்பதற்காக ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். குளோரினை எடை போடுகிற பொறுப்பு தராசம்மாவுக்கு வந்தது.

வேலை இதுதான். சுத்தமான வெள்ளித் துண்டு ஒன்றை எடை போடுவாள். அமிலத்தில் கரைப்பாள். குளோரின் உள்ள வேறொரு அமிலத்தை ஊற்றினால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரளும். அதை அடியில் தங்கவிட்டு, கழுவி, உலர்த்தி, ஆறவைத்து, மறுபடி எடை போடுவாள். கூடிய எடை குளோரினுடையது. வெயில் பட்டால் அந்த வெள்ளை கறுத்துப்போகும் என்பதால் ஜன்னல்களில் மஞ்சள் கண்ணாடி. ஒரு எடைக்கு முழுதாக நான்கு நாள். கழுவிய தண்ணீரைக்கூட அவள் கொட்டவில்லை. அதையும் வற்றவைத்து, அடியில் ஒட்டியதைச் சேர்த்துக்கொண்டாள். எடை முப்பத்தைந்தரையை ஒட்டி, ஒரு நூலிழை குறைவாக வந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

இரண்டாவது மேசையில் இதே வேலையைச் செய்தவனுக்கு ஜலதோஷம் என்று பட்டப்பெயர். காரணம் உண்டு. எடைப் புத்தகத்தில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். எடை போடும்போது யாராவது தும்மினாலோ, கதவு திறந்துகொண்டாலோ அதில் எழுதவேண்டும். எழுதினால் அந்த எடை கணக்கில் சேராது. சரியான ஏற்பாடுதான். ஆனால் நடந்தது வேறு. மாலையில் பேராசிரியர் வந்து கணக்குப் போடுவார். எண் குறைவாக இருந்தால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இன்னைக்கு யாராவது தும்மினீங்களா?" என்று கேட்பார். அவனுக்கு உடனே தும்மியது ஞாபகம் வரும். எண் கூடுதலாக இருந்தால் இவரும் கேட்கமாட்டார், அவனுக்கும் ஞாபகம் வராது. இப்படிக் குறைந்த எடைகளெல்லாம் தும்மலில் அடித்துக்கொண்டு போக, மிஞ்சியவற்றின் சராசரி முப்பத்தைந்து புள்ளி எட்டுக்கு ஏறிவிட்டது. இருவருமே பொய் சொல்வதாக நினைக்கவில்லை. அதுதான் இதில் வேடிக்கை.

தராசம்மாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்: தும்மினால், முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதவேண்டும்; பார்த்த பிறகு எழுதக் கூடாது. அந்த வாரம் மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல் ஜலதோஷத்துக்கு ஜலதோஷம் விட்டுப்போனது. அவன் எடையும் முப்பத்தைந்தரைக்கு இறங்கியது. பேராசிரியர் தாளைக் கிழித்துப் போட்டார். மறுவாரம் தும்மல் திரும்பி வந்தது.

ஆண்டுக் கூட்டம் நெருங்கியபோது தராசம்மாவின் கணக்கில் இருபத்துமூன்று எடைகள் சேர்ந்திருந்தன. குறிப்புக் கட்டம் இருபத்துமூன்றிலும் காலி. பேராசிரியர் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆறு பேரையும் கூட்டி நிற்கவைத்துப் புத்தகத்தை விரித்தார்.

"கழுவும்போது கீழ விட்டிருக்கே. ஒத்துக்க. ஒரு வரி எழுதிக் குடு, போதும். வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"நான் விடலைங்க ஐயா."

"விடாம எப்படிக் குறையும்?"

"கைதவறி விட்டா ஒருநாள் நிறைய போகும், ஒருநாள் கொஞ்சம் போகும். இருபத்துமூணு தடவையும் ஒரே அளவாவா தவறும்? கடைசி நாலு தடவை வெள்ளியை ரெண்டு மடங்கு வச்சேன். கழுவுற தண்ணி அதே தண்ணி. அதுல போறதும் அதே அளவுதான் போகணும். ரெட்டிப்பு வெள்ளிக்கும் போறது அதே அளவுன்னா, கணக்குல குறை பாதியாயிருக்கணுமே! ஆகலையே?"

ஜலதோஷம்கூடத் தும்மவில்லை. அவள் சொன்னதில் ஓட்டை இல்லை என்று பேராசிரியருக்கு அந்த நிமிடமே புரிந்திருக்கவேண்டும். ஆனால் பதினோரு வருட உழைப்பு அவர் மேசையில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அவர் முகம் சிவந்தது. சிவப்பு மையைத் தொட்டு, இருபத்துமூன்று எடைகளுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்து, குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: 'எடை போட்டவரின் கவனக்குறைவு. சேர்க்க வேண்டாம்.'

வீட்டில் கணவர் முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். 

"முழுசா புருஷன்னு ஒருத்தன் நான் இருக்கேன். ஒரு அரைக்குப் போய் சண்டை போட்டுட்டு வந்திருக்கே." 

அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஒரு வரிதானே கேக்கறாரு? எழுதிக் குடுத்துட்டா என்ன குறைஞ்சிடும்? என் வேலையும் அங்கதான் இருக்கு."

"கவனக்குறைவுன்னு எழுதிட்டாருங்க. எனக்கு ரொம்ப படிப்பு இல்ல. தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, எடை போடறது. அதுலயும் நான் சரியில்லன்னு நானே எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு?" 

கணவர் தன் கைகளைப் பார்த்தார். சூடான கண்ணாடி பட்டுத் தழும்பேறிய கைகள். "சரி, எழுத வேண்டாம்," என்றார். மாமியார் உள்ளேயிருந்து, "எழுதாதே! உப்புல தப்புன்னு நான் சொல்லலாம். ஊர்ல இருக்கறவன் என்ன சொல்றது?" என்று குரல் கொடுத்தார். அந்த வீட்டுக்குள் அந்தக் கிழவி மருமகளுக்குப் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் எழுதிக் கொடுக்கவில்லை. வேலை போனது. கணவரை மட்டும் கல்லூரியில் வைத்துக்கொண்டார்கள், அவரைப்போலக் குடுவை ஊத வேறு ஆள் கிடையாது. அவளுக்குக் கொடுத்த சான்றிதழிலும் 'கவனக்குறைவு' என்ற அந்தச் சொல் ஏறியிருந்தது. மூன்று ஆய்வுக்கூடங்களில் அதைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். நான்காவதாகப் போன மருந்துத் தொழிற்சாலையில் அதைக் காட்டவே இல்லை. அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலையில் சேர்ந்து, ஆறு வருடத்தில் அங்கேயும் தராசுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அவள் எடை போட்டு அனுப்பிய மருந்து ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாள், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள், தலை நரைத்தது. உப்பு கடைசிவரை கைக்கு வரவில்லை.

இதற்கிடையே வேறு ஊர்களில், வேறு தேசங்களில், பெரிய பெரிய ஆட்கள் குளோரினை எடை போட்டார்கள். முப்பத்தைந்தரைதான், ஒரு நூலிழை குறைவு, சந்தேகமே இல்லை என்று பாடப்புத்தகத்தில் அச்சடித்தார்கள். பேராசிரியரின் பெரிய புத்தகம் வெளிவரவே இல்லை. கணவர் இந்தச் செய்தியைக் கொண்டுவந்து சொன்ன அன்றைக்கு அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. சரியான எண் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அவள் எழுதியதன் குறுக்கே போட்ட சிவப்புக் கோடு மட்டும் அப்படியே இருந்தது. அது அவளைத் தூங்கும்போதுகூட உறுத்தியது.

வேலை போய் முப்பத்துநான்கு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேராசிரியர் அவள் வீட்டு மாடிப்படியை ஏறி வந்தார். வயது எண்பதை நெருங்கியிருந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். கக்கத்தில் ஒரு பத்திரிகை. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அதை விரித்து அவள் முன்னால் நீட்டினார். முகத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் சந்தோஷம். 

"பாத்தியா! நான் சொன்னேன்ல! முழு எண்தான்! எல்லாம் முழு எண்தான்!"

தராசம்மா பத்திரிகையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். இதைச் சொல்லவா இத்தனை வருடம் கழித்து வந்தார்? ஆனாலும் கேட்டாள். புதிதாக ஒரு கருவி கண்டுபிடித்திருக்கிறார்களாம். காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் அணுக்களை ஓடவிட்டு, பக்கத்தில் காந்தம் வைத்துத் திருப்புகிறார்களாம். லேசானது அதிகமாக வளையும், கனமானது குறைவாக வளையும். போய் விழுகிற இடத்தைப் படம் பிடித்தால் எடை தெரிந்துவிடும். தட்டில் கொட்டி மொத்தமாகப் போடுகிற எடை இல்லை, தனித்தனி அணுவின் எடை.

"குளோரின்ல ரெண்டு கோடு விழுந்திருக்கு. ஒண்ணு முப்பத்தஞ்சு, இன்னொண்ணு முப்பத்தேழு. முப்பத்தஞ்சரைல ஒரு அணுகூட இல்ல. ஒண்ணே ஒண்ணுகூட இல்ல!"

அவள் பத்திரிகையைத் தள்ளிவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள். 

"லேசானது மூணு பங்கு, கனமானது ஒரு பங்கு கலந்திருந்தா, நாலையும் கூட்டினா நூத்திநாப்பத்திரெண்டு. நாலால வகுத்தா முப்பத்தஞ்சரை. அப்படித்தானே கலந்திருக்கும்?"

பேராசிரியர் பத்திரிகையை மறுபடி எடுத்துப் பார்த்தார். அந்த விகிதத்தை அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. 

"ஆமா," என்றார். அப்புறம், மெதுவாக, "உன் எடை சரி," என்றார். பையிலிருந்து பழைய எடைப் புத்தகத்தை எடுத்தார். சிவப்புக் கோட்டின் பக்கத்தில் 'எடைகள் சரியானவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். "இதைக் காட்டத்தான் வந்தேன். அப்பவே எனக்குத் தெரியும். நீ வெள்ளியை ரெண்டு மடங்காக்கினேன்னு சொன்ன அன்னைக்கே தெரியும்."

அழுகை வருமென்று அவள் நினைத்திருந்தாள். வந்தது கோபம். 

"தப்புன்னு ஆறு பேரை நிக்கவச்சுச் சொன்னீங்க. மூணு வாசல்ல என்னை அந்தக் காகிதம் திருப்பி அனுப்புச்சு. இப்ப சரின்னு சொல்றதுக்கு மட்டும் ஆளில்லாத நேரமா பாத்து, தனியா படியேறி வந்திருக்கீங்க. இதை நான் எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். எழுந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். "வயசான மனுஷன். கொஞ்சம் தன்மையா பேசியிருக்கலாம்," என்றார் கணவர். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

புதன்கிழமை ஒரு சீட்டு வந்தது. சனிக்கிழமை அறிஞர் சங்கத்தில் புதிய கண்டுபிடிப்பைப் பற்றிக் கூட்டம், பேராசிரியர் பேசுகிறார், இருவரும் வரவும். அவளுக்குப் போகப் பிடிக்கவில்லை. கணவர்தான் சட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டு நின்றார்.

மண்டபத்தில் இருநூறு பேருக்குக் குறையாது. அவர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் வந்தார், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார், தன் செங்கல் கணக்கைப் பற்றியே இருபது நிமிடம் பேசினார். தன் புத்தகத்தைப் பற்றிப் பேசினார். தான் எவ்வளவு முன்னாலேயே சொன்னேன் என்பதைப் பற்றிப் பேசினார். "உன்னைக் கூப்பிட்டது இதைக் கேக்கவா?" என்று கணவர் அவள் காதைக் கடித்தார். அவள் எழுந்து போய்விடலாமா என்று கதவைப் பார்த்தாள்.

அப்போது அவர் பழைய எடைப் புத்தகத்தைத் திறந்தார். "குளோரினை எங்க கல்லூரில இருபத்துமூணு தடவை எடை போட்டாங்க. நான் அதைத் தப்புன்னு அடிச்சேன். அதுல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னோடது. ஒண்ணொண்ணா படிக்கறேன், எல்லாரும் கேளுங்க," என்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். முப்பத்தைந்து புள்ளி நாலு ஆறு. முப்பத்தைந்து புள்ளி நாலு ஐந்து. முப்பத்தைந்து புள்ளி நாலு ஏழு. பின்வரிசையில் கொட்டாவி விட்டார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், மேசைமணியை ஒருமுறை தட்டினார். அவர் நிறுத்தவில்லை. தராசம்மாவுக்கு அந்த எண்கள் ஒவ்வொன்றும் தெரியும். ஒவ்வொன்றும் அவளுடைய நான்கு நாள். எட்டாவது எண்ணில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் அதைப் பார்க்காத மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றாவதைப் படித்து முடித்தார். அடுத்து ஒரு எண்ணைப் படித்தார்.

"பன்னெண்டாவதை விட்டுட்டீங்க ஐயா," என்றாள் அவள். 

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவள் இருக்கையை விட்டு எழுந்திருந்தாள், எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தலைவர் மணியைத் தட்டி, "யாரும்மா நீங்க? நடுவுல பேசக் கூடாது," என்றார்.

"இதையெல்லாம் எடை போட்டவங்க அவங்கதான்," என்றார் பேராசிரியர். "அவங்க சொன்னா, நான் விட்டுத்தான் இருப்பேன்."

புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலை வைத்து ஒரு வரி மேலே தேடி, பன்னிரண்டாவது எடையைப் படித்தார்.